பனையேறிக் கெண்டையை உங்கள் ஊரில் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம் பக்கம்), ஆவணி 14

முந்தாநாள் இரவு இங்கே இடியோடு நல்ல மழை. ஒன்பதரை மணிக்கு வண்டியில் வீடு திரும்பும்போது, எங்கள் தெரு முனையில் சிமெண்ட் சாலையின் நடுவே ஏதோ ஒன்று நெளிந்து நெளிந்து போனது. தவளை என்றுதான் நினைத்தேன். விளக்கு வெளிச்சம் பட்டதும் செதில் மின்னியது. இறங்கிப் பார்த்தால் பனையேறிக் கெண்டை மீன். ஒரு சாண்கூட இருக்காது. செவுள் மூடியை விரித்துத் தரையில் ஊன்றுகிறது, வாலால் ஒரு தள்ளு, ஒரு விரற்கடை முன்னேறுகிறது, ஓய்வெடுக்கிறது, மறுபடி ஊன்றுகிறது. வண்டியை ஓரம் நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் மழையில் நின்று பார்த்தேன்.

எனக்கு இப்போது 46 வயது. சின்ன வயதில் ஐப்பசி முதல் மழைக்கு எங்கள் குளத்தங்கரையில் இவை கூட்டமாக ஏறி வரும். அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு தாத்தாவோடு போவோம். வேட்டி மடிப்பில் பொறுக்கிப் போட்டால் வயிற்றில் குத்தும். அப்புறம் படிப்பு, வேலை என்று வெளியூர் போய்விட்டுத் திரும்பி வந்து பதினோரு வருடம் ஆகிறது. இந்தப் பதினோரு வருடத்தில் நான் பார்த்த முதல் பனையேறி இதுதான்.

அது சாலையைக் கடந்து எங்கே போகப் பார்த்தது என்று மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். ஒரு பக்கம் குளம். மறுபக்கம் வாய்க்கால். ஆனால் வாய்க்காலுக்கு இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர், மூன்றடி உயரம். விழுந்தால் அது உள்ளே போகலாம், திரும்ப ஏற வழியில்லை. இரவே அதைக் கையில் எடுத்துக் குளத்திலேயே விட்டுவிட்டேன். செய்தது சரியா என்றுகூடத் தெரியவில்லை.

டெல்டாவில் உள்ளவர்கள் சொல்லுங்கள். உங்கள் ஊரில் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? குளத்திலா, வயலிலா, வடிகாலிலா? அந்த இடம் இப்போது எப்படி இருக்கிறது?


அரசலாறு (காரைக்கால்)

எட்டு ஒன்பது வருடம் இருக்கும். சுடுகாட்டுக்குப் பின்னால் உள்ள குட்டையில். அந்தக் குட்டை இப்போது மனைக்கட்டாகிவிட்டது.


மீன்தொட்டி (கும்பகோணம்)

அண்ணா, நீங்கள் பார்த்தது பெரிய விஷயம். நான் தொட்டியில் இரண்டு பனையேறிகளை நான்கு வருடம் வளர்த்தவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

பெயரில் கெண்டை இருக்கிறதே தவிர, இது கெண்டைச் சாதி இல்லை. குராமி, ஃபைட்டர் மீன் இவற்றின் தூரத்துச் சொந்தம். அறிவியல் பெயர் அனபாஸ் டெஸ்டுடினியஸ். அனபாஸ் என்பது மேலே ஏறுவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. டெஸ்டுடினியஸ் என்றால் ஆமை போன்றது. செதிலைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் ஏன் என்று புரியும், ஓடு மாதிரி இருக்கும். பச்சையும் பழுப்பும் கலந்த உடம்பு, வாலின் அடியில் ஒரு கரும்புள்ளி, செவுள் மூடிக்குப் பின்னால் இன்னொன்று. அதிகபட்சம் 25 சென்டிமீட்டர் வரை வளரும் என்கிறார்கள். நம் வாய்க்கால்களில் கிடைப்பது பெரும்பாலும் அதில் பாதிதான்.

தலைக்குள், செவுளுக்கு மேலே, இரண்டு பக்கமும் ஒரு சிறு அறை இருக்கிறது. அதற்குள் மெல்லிய எலும்புத் தகடுகள் பூவிதழ் மாதிரி மடிந்து மடிந்து இருக்கும். அதன்மேல் ரத்த நாளங்கள் நிறைந்த தோல். மீன் மேலே வந்து வாயால் காற்றைக் கவ்வி அந்த அறைக்குள் அனுப்புகிறது, அங்கிருந்து பிராணவாயு நேராக ரத்தத்துக்குப் போகிறது. சேறும் அழுகிய தழையும் நிறைந்த குட்டையில், ஆகாயத்தாமரை மூடிய வடிகாலில், மற்ற மீன் வாய் பிளக்கும்போது இது நிம்மதியாக இருப்பது அதனால்தான்.

பலருக்குத் தெரியாத ஒன்று: இதற்குக் காற்று கட்டாயம். செவுள் மட்டும் போதாது. நல்ல சுத்தமான தண்ணீரிலும் மேலே வந்தாக வேண்டும். வலையில் சிக்கி நீருக்கடியிலேயே கிடந்தால் மூச்சு முட்டிச் செத்துவிடும். மீன் தண்ணீரில் மூழ்கிச் சாகும் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை, ஆனால் நான் கண்ணால் பார்த்தேன். ஒரு தடவை தொட்டியை விளிம்பு வரை நிரப்பிக் கண்ணாடியால் இறுக்கி மூடிவிட்டேன், குதிக்கக் கூடாதே என்று. காலையில் ஒன்று செத்துக் கிடந்தது. இன்றைக்கும் அது மனதை உறுத்துகிறது. வளர்க்கிறவர்கள் நீர்மட்டத்துக்கு மேலே நான்கு விரல் இடம் விடுங்கள், மூடியில் ஓட்டை போடுங்கள், மேலே ஒரு கல் வையுங்கள்.


தரங்கைக் கடல் (தரங்கம்பாடி)

இந்த இழையில் எங்கள் ஊர் வராமல் முடியாது. இந்த மீனை உலகத்துக்குப் பேர் சொல்லிக் காட்டிய ஊர் தரங்கம்பாடிதான்.

1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்து டேனிஷ்காரர்கள் இங்கே குடியேறினார்கள். 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அந்த இரண்டு நூற்றாண்டுக்குள் இங்கே இருந்த சிலர் செடி, பூச்சி, மீன் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். டால்டார்ஃப் என்று ஒரு டேனிஷ் லெப்டினன்ட். 1791 நவம்பரில் ஒரு குளத்தங்கரையில் நின்ற பனைமரத்தின் பட்டை இடுக்கிலிருந்து இந்த மீனைப் பிடித்ததாக எழுதுகிறார். தண்ணீருக்கு மேலே ஐந்தடி உயரத்தில் இருந்ததாம், இன்னும் மேலே ஏறப் பார்த்துக்கொண்டிருந்ததாம். செவுள் முள்ளை ஊன்றி, வாலை வளைத்து, பின்துடுப்பு முள்ளைப் பதித்து அது எப்படி ஏறியது என்பதையும் சொல்லியிருக்கிறார். 1797இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அது அச்சானது.

அதே காலத்தில் இங்கே கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார் இருந்தார். நம் பக்கத்து மீன்களைப் பதப்படுத்தி பெர்லினில் இருந்த மார்க்கஸ் பிளாக் என்ற மருத்துவருக்கு அனுப்பினவர். பிளாக்தான் 1792இல் இந்த மீனுக்கு டெஸ்டுடினியஸ் என்ற பெயரை வைத்தார். ஜானியஸ் என்று ஒரு கடல்மீன் பேரினம் இருக்கிறது, அது இந்த ஜானின் பெயர்தான்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். டால்டார்ஃப் வருவதற்கு முன்பே நம் ஆட்கள் அதைப் பனையேறி என்றுதான் கூப்பிட்டார்கள் என்று நினைக்கிறேன். பெயர் வைத்தவன் பார்த்துத்தான் வைத்திருப்பான். எங்கள் ஊரில் இப்போது உப்பு உள்ளே வந்துவிட்டது, கடற்கரைப் பக்கக் குட்டைகளில் பனையேறி இல்லை. மேற்கே பொறையாறு தாண்டினால் உண்டு என்கிறார்கள்.


நாணல் (மன்னார்குடி)

ஐயா, வரலாறு அருமை. ஆனால் பனை ஏறுவதை நான் ஏற்க மாட்டேன். பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் பலர் சொன்னது, காக்கையோ பருந்தோ தூக்கிக்கொண்டு போய் மரத்தில் வைத்துத் தின்னப் பார்க்கும்போது நழுவி இடுக்கில் விழுந்த மீன்தான் அது என்று. தண்ணீர் இல்லாமலும் உயிரோடு இருக்கும் மீன் ஆயிற்றே, பார்த்தவர்கள் தானாக ஏறியதாக நினைத்துவிட்டார்கள். சமதரையில் நகரும் என்பதில் சந்தேகமில்லை. செங்குத்தான மரத்தில் ஏறும் என்பது வேறு.


தரங்கைக் கடல்

காக்கை வைத்த மீன் மேலே ஏறிக்கொண்டா இருக்கும்? அவர் அசைவை வர்ணித்திருக்கிறார். நவம்பர் நமக்கு அடைமழைக் காலம். மரத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்திருக்கலாம். சாய்ந்த பனை, அடிமரத்தில் மட்டை வெட்டின கட்டைகள், நனைந்த பட்டை. அப்படி இருந்தால் ஐந்தடி ஒன்றும் பெரிதில்லை என்பது என் எண்ணம்.


மடைக்கார வீடு (வலங்கைமான் பக்கம்)

இரண்டு பேரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. எனக்கு வயது 71. அப்பா லஸ்கராக இருந்தவர், மதகு திறக்கிற வேலை. நான் பனையில் ஏறிப் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் குளத்துப் படித்துறையில், மழைத்தண்ணீர் படி மேலே வழிந்து இறங்கும்போது, அதற்கு எதிராக ஏழு படி ஏறி வந்ததை நானே எண்ணிப் பார்த்தேன். ஒரு படியில் ஏறும், புரளும், மூலையில் ஒட்டிக் கிடக்கும், அடுத்ததில் ஏறும். ஒவ்வொரு படியும் முக்கால் அடி இருக்கும். வழிகிற தண்ணீரும் சொரசொரப்பும் இருந்தால் ஏறும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் சறுக்கிவிடும். வழவழப்பான சிமெண்ட் பூச்சில் ஏறி நான் பார்த்ததே இல்லை.

நீடாமங்கலத்துத் தம்பி, குளத்தில் விட்டது சரிதான்.


செங்காந்தள் (மயிலாடுதுறை பக்கம்)

எங்கள் வீட்டில் இதைச் சென்னல் என்றும் சொல்வோம். அம்மா வாங்கினால் அன்றைக்கே ஆக்க மாட்டார். மண்பானையில் கால் பங்கு தண்ணீர், மேலே ஓலைத்தட்டி, அதன்மேல் அம்மிக் குழவி. தினமும் தண்ணீர் மாற்றி நான்கைந்து நாள் வைத்திருப்பார். இரவில் தட்டியை முட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறேன். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் இதைவிட நல்ல மீன் எது?

சுத்தம் செய்வதுதான் பாடு. அடுப்புச் சாம்பலைப் போட்டுச் சொரசொரப்பான கல்லில் உரசி உரசித்தான் செதில் போகும். முள் அதிகம், சதை குறைவு, ஆனால் குழம்பில் புளிப்போடு சேர்ந்தால் அந்த ருசி வேறு மீனில் வராது. காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களுக்கு மிளகு தூக்கலாகப் போட்டுக் கொடுப்பார் அம்மா. வங்காளத்தில் இதே மீனைக் கோய் என்று சொல்லி விலை கொடுத்து வாங்குகிறார்கள், பண்ணையிலும் வளர்க்கிறார்கள். கொல்கத்தாவில் மருமகளாகப் போன என் சித்தி மகள் அங்கே சந்தையில் பார்த்துவிட்டுப் போன் செய்து அழுதாள். ஊர் ஞாபகம்.


வெள்ளைச் சீருடை (திருவாரூர்)

நான் செவிலியர். சமையல் பேச்சு வந்ததால் ஒரு எச்சரிக்கை சொல்லிவிடுகிறேன், தயவுசெய்து வீட்டில் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். மீன் பிடிக்கும்போது இரண்டு கையும் தேவைப்படுகிறது என்று பிடித்த மீனைப் பல்லில் கடித்துக்கொள்ளும் பழக்கம் நம் பக்கம் உண்டு. பனையேறியை ஒருபோதும் அப்படிச் செய்யாதீர்கள். வழுக்கித் தொண்டைக்குள் போய்விட்டால் செவுள் மூடியை விரித்துக்கொள்ளும். அதன் விளிம்பு முழுக்க ரம்பப் பல். உள்ளே போகும், வெளியே இழுத்தால் தசையைக் கிழிக்கும். இதனால் இறந்தவர்கள் உண்டு, மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அப்படி நடந்தால் வாலைப் பிடித்து இழுக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். மூச்சு அடைப்பு நிமிடங்களில் உயிரைப் பறிக்கும்.


மீன்தொட்டி

அக்கா சொன்னது மிக முக்கியம். பறவைகளுக்கும் பாம்புக்கும் இதே கதிதான். பாப்புவா நியூ கினியிலிருந்து கடல் தாண்டி ஆஸ்திரேலியாவின் போய்கு, சைபாய் தீவுகளுக்கு இந்த மீன் போய்விட்டது. அங்கே அது அந்நிய மீன். உள்ளூர்ப் பறவை விழுங்கினால் தொண்டையில் மாட்டிச் சாகுமே என்று கவலைப்படுகிறார்கள். நாம் இங்கே காணவில்லை என்று தேடுகிறோம், அங்கே வந்துவிட்டதே என்று பயப்படுகிறார்கள்.


வெண்ணாற்றங்கரை

எல்லோருக்கும் நன்றி. படிக்கப் படிக்க ஒரு கேள்விதான் பெரிதாகிறது. சேற்றில் வாழும், கெட்ட தண்ணீரில் வாழும், குளம் வற்றினால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து மழைக்குக் காத்திருக்கும், தண்ணீர் இல்லாமல் நடக்கும். இவ்வளவு தாக்குப்பிடிக்கும் மீன் நம் ஊரில் ஏன் இல்லாமல் போனது? விரால்கூட அங்கங்கே இருக்கிறது.


மீன்தொட்டி

அண்ணா, பெரிய மீன் தாக்குப்பிடிக்கும். குஞ்சு தாக்குப்பிடிக்காது.

முதல் நல்ல மழைக்குக் குளத்தை விட்டு இவை வயலுக்கு ஏறுவது முட்டை இடத்தான். புதுத் தண்ணீர் தேங்கிய வயல், ஒரு முழம் ஆழம் இருந்தால் போதும். முட்டை எண்ணெய்ப் பசையோடு மேலே மிதக்கும். தாய் தகப்பன் காவல் இருப்பதில்லை. விரால் மாதிரி குஞ்சுக் கூட்டத்தோடு சுற்றி வருவதெல்லாம் இதில் கிடையாது, விட்டுவிட்டுப் போய்விடும். ஒரு நாளைக்குள் பொரிந்துவிடும். பொரிந்த குஞ்சுக்கு அந்தக் காற்று உறுப்பு இன்னும் உருவாகியிருக்காது. முதல் சில வாரம் அதுவும் மற்ற மீன் குஞ்சு போலத் தண்ணீரில் கரைந்த பிராணவாயுவை நம்பித்தான் இருக்கிறது. சரியாக அந்த வாரங்களில்தான் நாம் நடவு முடித்துக் குருணை மருந்து (குருணை வடிவப் பூச்சிமருந்து) போடுகிறோம்.

இன்னொன்று, வயலுக்கு ஏறவே வழியில்லாவிட்டால் முட்டை எங்கே? குளத்திலேயே இட்டால் ஜிலேபிக் கெண்டையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் மிச்சம் வைக்காது. வளர்க்கத் தடை செய்யப்பட்ட கெளுத்தி அது, ஆனால் பண்ணையிலிருந்து வெள்ளத்தில் தப்பி வந்து நம் குளங்களில் நிரந்தரமாகிவிட்டது.


நாணல்

பேட்டரியில் கரண்ட் வைத்துப் பிடிப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாய்க்காலில் ஒரு இரவு வைத்தால் நத்தைகூட மிஞ்சாது.


மடைக்கார வீடு

தம்பிகளே, எல்லாம் சரி. நான் பார்த்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

பனையேறி ஆற்று மீன் இல்லை. காவிரியிலோ வெண்ணாற்றிலோ வலை போட்டால் ஏதோ ஒன்றிரண்டு வரும், அவ்வளவுதான். அதன் வீடு நெல் வயலும் வயலைச் சுற்றிய சில்லறைத் தண்ணீரும். டெல்டா எப்படிப்பட்ட பூமி? முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது, கல்லணையில் காவிரியும் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் பிரிகின்றன. நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பில் கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கன்னி வாய்க்கால், அதிலிருந்து மடை, மடையிலிருந்து வயல். வயலுக்கு வந்த தண்ணீர் வடியவும் ஒரு வழி வேண்டும், அதுதான் வடிகால். பூமி தட்டையாக இருப்பதால் வடிகாலில் தண்ணீர் ஓடாது, நிற்கும். கோரை முளைக்கும், நாணல் முளைக்கும். கோடையில் எல்லாம் வற்றினாலும் வடிகாலின் பள்ளத்தில் இரண்டடி சேற்றுத்தண்ணீர் இருக்கும். பனையேறி, குறவை, தேளி, ஆரால் நான்கு மீனும் அங்கே குடியிருக்கும். வைகாசி கடைசியில் மேட்டூர் திறந்தால் நாங்கள் மதகைப் பார்த்துக் காத்திருப்போம். அவையும் காத்திருக்கும்.

என் அப்பா காலத்தில் வருடத்துக்கு ஒரு முறை ஆள் விட்டு மண்வெட்டியால் தூர் வாருவார்கள். ஊர்கூடிச் செய்கிற வேலை. கரை சாய்வாகவே இருக்கும், ஆள் ஏறி இறங்க வேண்டுமே. அங்கங்கே பள்ளம் தானாகவே மிஞ்சும். இப்போது பொக்லைன் வருகிறது. ஒரே நாளில் ஒரே மட்டத்துக்குத் தோண்டி, கரையைச் செங்குத்தாக வெட்டி, சேற்றை அள்ளிக் கரைமேல் கொட்டுகிறது. சித்திரை மாதம் அந்தச் சேற்றுக்குள்தான் மீன் புதைந்திருக்கும். அள்ளிக் கொட்டியதில் கொக்கும் காக்கையும் இரண்டு நாள் விருந்து சாப்பிடும். நான் நின்று பொறுக்கிக் குளத்தில் விட்டிருக்கிறேன், எத்தனையைப் பொறுக்குவது?

அப்புறம் மதகு. முன்பு குளத்துக்கும் வாய்க்காலுக்கும் நடுவே பனங்குழாய், இல்லாவிட்டால் மண்மடை. இப்போது சுவர். மீன் அழிந்தது ஒரு காரணம் என்றால், மீனின் வழி அழிந்தது பத்துக் காரணம்.


கடைமடை (தலைஞாயிறு)

ஐயா மேல் மரியாதை உண்டு. ஆனால் இதை நான் சொல்லியாக வேண்டும். எங்களுக்குத் தண்ணீர் கடைசியாகத்தான் வரும். 2024இல் வழக்கமான ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கவில்லை, ஜூலை 28 தான் திறந்தார்கள். எங்கள் வாய்க்காலில் தண்ணீர் எட்டிப் பார்ப்பதற்குள் குறுவை கனவாகப் போனது. மண்வாய்க்காலில் வழி முழுக்கக் கசிந்து, உடைந்து, மேலே இருப்பவர்கள் வெட்டி விட்டுக்கொண்டு, மீதி இருந்தால் எங்களுக்கு. கான்கிரீட் போட்ட பிறகுதான் ஓரளவு வருகிறது. மீன் வேண்டும் என்று வாய்க்காலை மறுபடி மண்ணாக்கச் சொன்னால் நான் எதிர்ப்பேன். பொக்லைன் இல்லாமல் தூர் வார இன்றைக்கு ஆள் எங்கே? நானும் பனையேறி தின்று வளர்ந்தவன்தான். ஆனால் என் வயலுக்கு முதலில் தண்ணீர் வர வேண்டும்.


மடைக்கார வீடு

தம்பி, நீ சொல்வது நியாயம். கடைமடைக்காரன் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும், அப்பாவை வீட்டு வாசலில் வந்து திட்டியவர்கள் எல்லாம் கடைமடைக்காரர்கள்தான், திட்டியதிலும் தப்பில்லை.

நான் பாசன வாய்க்காலைச் சொல்லவில்லை. அதற்குக் கான்கிரீட் போடு. வடிகாலுக்கு ஏன் போட வேண்டும்? வடிகாலில் கசிந்தால் யாருக்கு நஷ்டம்? கசிவது நிலத்தடி நீருக்குத்தானே. வடிகாலை மண்ணாகவே விட்டு, தூர் வாரும்போது நூறடிக்கு ஒரு பள்ளம் ஆழமாக விட்டு வைத்தால், மீன் கோடையைத் தாண்டிவிடும். அந்தப் பள்ளத்தை மட்டும் அந்த வருடம் தொடாமல் விடச் சொன்னால் பொக்லைன்காரர் ஒன்றும் மறுக்க மாட்டார், அவருக்கு வேலை மிச்சம். குளத்துக்கும் வயலுக்கும் நடுவே சுவர் இருந்தால் ஒரே ஒரு இடத்தில் சாய்வு வைத்தால் போதும். மண்ணும் செங்கல் சில்லும் கலந்து அடித்தது, சொரசொரப்பாக.


கடைமடை

வடிகால் என்றால் எனக்கும் சம்மதம். எங்கள் ஊர் வடிகாலில் இப்போதும் குறவை இருக்கிறது. பள்ளம் விடுவதைச் சங்கத்தில் பேசிப் பார்க்கிறேன்.


வெண்ணாற்றங்கரை

ஐயா, எங்கள் குளத்துக்கு ஒரு சாய்வு வைக்க ஆசை. எவ்வளவு அகலம், எவ்வளவு சரிவு?


மடைக்கார வீடு

அகலம் இரண்டடி போதும். ஓரடி உயரத்துக்கு நான்கடி நீளம் கொடு, அப்போதுதான் சறுக்காது. மழைத்தண்ணீர் வயலிலிருந்து குளத்துக்குள் வழிந்து இறங்குகிற இடம் எதுவோ அங்கேதான் வைக்க வேண்டும். வேறு இடத்தில் வைத்துப் பயனில்லை. வழிந்து வரும் புதுத் தண்ணீருக்கு எதிராகத்தான் அது ஏறும் என்பது என் அனுபவம். நடுவில் ஒரு விரல் ஆழத்துக்குப் பள்ளம் இழுத்து விடு, சிறு மழைக்கும் அதில் தண்ணீர் ஓடும். சிமெண்ட் பூசாதே. பூசித்தான் ஆக வேண்டும் என்றால் ஈரம் காய்வதற்குள் தென்னந்துடைப்பத்தால் குறுக்கே கீறி விடு.


வெண்ணாற்றங்கரை, ஐப்பசி 9

வைத்துவிட்டோம். வயலுக்காரர் என் ஒன்றுவிட்ட மாமா, முதலில் தயங்கினார், நண்டு வரும், எலி வரும் என்று. நண்டு எப்படியும் வரும் மாமா என்றேன். நான்கு பேர், அரை நாள் வேலை. பழைய மாட்டுக்கொட்டகைச் செங்கல்லை உடைத்துப் போட்டோம். இந்தச் சம்பாவுக்கு அந்த ஒரு பங்கில் மட்டும் குருணை போடாமல் இருக்கவும் ஒத்துக்கொண்டார். விளைச்சல் குறைந்தால் என் வீட்டிலிருந்து இரண்டு மூட்டை தருவதாகப் பேச்சு.


செங்காந்தள்

மழை பெய்ததும் எழுதுங்கள் தம்பி. இரவில் தனியாகப் போகாதீர்கள், பாம்பு இருக்கும். பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.


வெண்ணாற்றங்கரை, ஐப்பசி 27

மூன்று நாளாக அடைமழை. மூன்று இரவும் மாமா மகனும் நானும் டார்ச்சோடு போய் உட்கார்ந்தோம். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

முதல் இரவு ஒன்றும் இல்லை. தவளைச் சத்தம் மட்டும். இரண்டாவது இரவு பதினொரு மணிக்குச் சாய்வில் ஒரு அசைவு. ஓடிப் போய்ப் பார்த்தால் குறவை. பாம்பு மாதிரி வளைந்து ஏறி வயலுக்குள் போய்விட்டது. அப்புறம் இன்னும் இரண்டு குறவை. மூன்றாவது இரவு, அதாவது நேற்று, ஒரே ஒரு பனையேறி. ஆனால் சாய்வில் இல்லை. இருபதடி தள்ளி, படித்துறை ஓரம், சுவரின் அடியில் முட்டிக்கொண்டிருந்தது. கையில் எடுத்துச் சாய்வின் அடியில் விட்டேன். அரை நிமிடம் அசையாமல் கிடந்தது. பிறகு திரும்பிக் குளத்துக்குள் போய்விட்டது.

மனசு கொஞ்சம் சோர்ந்துதான் போனது. ஆனால் குளத்தில் ஒன்றாவது இருக்கிறது. ஆவணியில் நான் விட்ட அதே மீனா என்று தெரியவில்லை, அளவு அதே போலத்தான் இருந்தது.


மீன்தொட்டி

அண்ணா, குறவை ஏறியதே பெரிய சேதி. வழி வேலை செய்கிறது.

ஒன்று இருந்தால் போதாது, ஜோடி வேண்டும். ஆனால் தயவுசெய்து சந்தையில் கிடைக்கிற பண்ணைக் கோய் மீனை வாங்கி விடாதீர்கள், அது வேறு ஊர் வம்சம். பக்கத்து வடிகாலில் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். அந்தத் தண்ணீர் மீன்தான் அந்தத் தண்ணீருக்கு வேண்டும்.


மடைக்கார வீடு

தம்பி, சோராதே. நீ ஏறுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறாய். இறங்குவதையும் பார்க்க வேண்டும். உனக்குத் தெரியாமல் மழை இரவுகளில் ஏறியது இருக்கலாம், மூன்று இரவுதானே உட்கார்ந்தாய். தை மாதம் அறுப்புக்கு முன்னால் வயலை வடிய விடுவீர்கள் அல்லவா, வரப்பை வெட்டி விட்டதும் குஞ்சும் பெரிசுமாகத் தண்ணீரோடு கீழே வரும். அந்த ஒரு நாள் பார்த்தால் வயலுக்குள் என்ன இருந்தது என்று தெரிந்துவிடும். மாமா வழக்கமாக அந்த மடையில் பறி (மீன் பிடிக்கிற கூடை) வைப்பாரா?


வெண்ணாற்றங்கரை

வருடா வருடம் வைப்பார் ஐயா. இப்போதே போய்ப் பேசிவிட்டு வருகிறேன்.


வெண்ணாற்றங்கரை

பேசிவிட்டேன். பறி வைப்பார், ஆனால் எண்ணி எழுதிக்கொண்டு பனையேறியை மட்டும் குளத்தில் விட்டுவிடுவோம் என்றார். குறவையும் ஆராலும் அவருக்கு. தை 10 வாக்கில் வடிய விடுகிறோம். அன்றைக்கு வர முடிந்தவர்கள் வாருங்கள், சாப்பாடு எங்கள் வீட்டில்.


செங்காந்தள்

நான் வருகிறேன். சாம்பலும் கல்லும் கொண்டு வரவில்லை, நோட்டுப் புத்தகம் கொண்டு வருகிறேன்.


கடைமடை

எனக்கு அன்றைக்கு அறுப்பு இருக்கும், வர முடியாது. எங்கள் சங்கத்தில் பேசியாயிற்று, வரும் சித்திரையில் தூர் வாரும்போது வடிகாலில் இரண்டு பள்ளத்தைத் தொடாமல் விடச் சொல்லியிருக்கிறோம். எந்த இடத்தில் விடுவது என்று ஐயா ஒரு நாள் வந்து காட்டினால் நல்லது. பேருந்து நிறுத்தத்துக்கு நான் வண்டி கொண்டு வருகிறேன்.


மடைக்கார வீடு

பொங்கல் முடிந்து வருகிறேன் தம்பி. வடிகாலில் தண்ணீர் இருக்கும்போதே பார்க்க வேண்டும், வற்றினால் பள்ளம் தெரியாது.